தாடைக் கட்டியும் பழுப்புச் சாயமும்

தாடை எலும்புக்குள் வளரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கடைவாய்ப் பல் லேசாக ஆடும். கன்னத்தின் கீழ்ப்புறம் சற்றுத் தடிக்கும். முகம் கழுவும்போது ஒரு பக்கம் மேடாக இருப்பது கைக்குத் தட்டுப்படும். ஆடுகிற பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து, பிடுங்கிய குழி மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்த பிறகே பலர் எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடைப் படத்தில், பல் மருத்துவர்கள் 'சோப்பு நுரை' என்று சொல்லும் கருங்குமிழ்கள் அப்போதுதான் தெரிகின்றன.

ஊரிகம், ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம் பக்கத்து மக்களுக்கு இந்த முதல் கட்டம் ஊரிலேயே முடிந்துவிடக்கூடியது. கோலார் தங்கவயலின் பெமல் நகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதைத் தாண்ட வேண்டி வந்தால் கோலாரை அடுத்த டமகாவின் மருத்துவக் கல்லூரி, பெங்களூரின் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை, அல்லது வேலூர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் ஊர் இது; சிகிச்சைக்கும் அதே ரயில்தான். போகிறவர் பையில் ஓ.பி.ஜி. படமும் திசுப் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். அறிக்கையின் கடைசி வரியில் 'ஐ.ஹெச்.சி. செய்து உறுதிப்படுத்தவும்' என்று இருந்தால், அதற்குத் தனிக் கட்டணம், மேலும் சில நாள் காத்திருப்பு. அந்தச் சோதனை உண்மையில் என்ன சொல்கிறது, எப்போது சொல்லாமல் போகிறது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஐ.ஹெச்.சி. என்பது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரியின் சுருக்கம். வழக்கமான திசுப் பரிசோதனையில் ஹெச் அண்ட் ஈ என்ற நீல, இளஞ்சிவப்புச் சாயங்களால் செல்களின் வடிவத்தையும் அடுக்கையும் பார்க்கிறோம். ஐ.ஹெச்.சி. அந்த செல்லுக்குள் குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா என்று கேட்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றி, அதோடு ஒரு நொதியை இணைத்து, நொதி வேலை செய்யும் இடத்தில் பழுப்பு நிறம் படியவைப்பார்கள். இந்த உத்தியின் வேர் 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியோடு இணைத்ததில் இருக்கிறது. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். ஃபார்மலினில் ஊறிய திசுவில் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒளிந்துகொள்ளும்; அதைக் கொதிக்கவைத்தால் அவை மீண்டும் ஆன்டிபாடிக்கு அகப்படும் என்பது 1991-இல் தெரிந்தது. இன்று நம் ஊர் லேப்கள் பலவற்றில் இந்தக் கொதிப்பு வேலையைச் செய்வது சமையலறை பிரஷர் குக்கர்தான். சிட்ரேட் கரைசல், கண்ணாடித் தட்டுகள், இரண்டு விசில். கேலிக்காகச் சொல்லவில்லை, சரியான சூடும் சரியான நேரமும் கிடைத்தால் விலை உயர்ந்த கருவிக்கு அது சளைத்ததில்லை.

சிக்கல் பழுப்பு படிவதில் இல்லை. படியக்கூடாத இடத்தில் படிவதில் இருக்கிறது. ரத்த அணுக்களில் இயல்பாகவே இருக்கும் பெராக்சிடேஸ் நொதியும் பழுப்பாக்கும். அதை முன்கூட்டியே ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அடக்க வேண்டும். தட்டின் ஓரம் காய்ந்தால் அங்கே பழுப்பு. இறந்துபோன திசுவில் பழுப்பு. தங்கவயல்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேற்றூர் உதாரணம் தேவையில்லை. 1965-இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் குழு, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்துத்தான் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தது. அவ்வளவு ஆழம் போனது, மேலிருந்து பொழியும் மற்றத் துகள்களின் இரைச்சலைப் பாறையால் வடிகட்டுவதற்காக. திசுத் தட்டில் பாறை கிடையாது. அங்கே இரைச்சலை வடிகட்டுவது 'கன்ட்ரோல்' எனப்படும் ஒப்பீட்டுத் திசு: அந்தப் புரதம் நிச்சயம் இருக்கும் ஒரு திசு, நிச்சயம் இல்லாத ஒரு திசு, இரண்டுக்கும் அதே நாளில் அதே சாயம். செல் பிரியும்போது தோன்றும் கேஐ-67 புரதத்துக்கு டான்சில் திசுவை வைப்பது வழக்கம். கன்ட்ரோல் எப்படி வந்தது என்ற வரி இல்லாத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

தாடைக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு. கட்டி எலும்போடும் பல்லோடும் வருகிறது. எலும்பை மெல்லிய சீவலாக வெட்ட முடியாது. முதலில் சுண்ணாம்பை அகற்ற வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் செல்லின் கருவில் இருக்கும் புரதங்களும் மரபணுப் பொருளும் சிதையும். ஈ.டி.டி.ஏ. கரைசல் அவற்றைக் காக்கும், ஆனால் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அமிலத்தில் அதிகம் ஊறிய துண்டில் கேஐ-67 'இல்லை' என்று வந்தால், கட்டி மெதுவாக வளர்கிறதா, அமிலம் புரதத்தைத் தின்றுவிட்டதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எலும்போடு ஒட்டியிருக்கும் மென்திசுவை முதலிலேயே தனியாகப் பிரித்து, அமிலம் படாமல் மெழுகில் பதித்து ஒரு பிளாக் செய்துகொள்வது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் வீணான சோதனைகள் ஏராளம்.

இந்தக் கட்டிகள் எங்கிருந்து வருகின்றன? குழந்தைப் பருவத்தில் பல்லை உருவாக்கிய செல்களின் மிச்சங்கள் ஈறிலும் எலும்பிலும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து எழுபவை பல்சார் கட்டிகள். அவற்றில் பேர்போனது அமீலோபிளாஸ்டோமா: பல்லின் எனாமலைச் செய்யும் செல்களை ஒத்த செல்கள், எலும்பைத் தின்றபடி மெதுவாகப் பரவுவது, பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில். தங்கவயலில் எந்த நோய் வந்தாலும், சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டுத் தூசியைக் கைகாட்டும் பழக்கம் உண்டு. நுரையீரல் விஷயத்தில் சுரங்கத் தூசியின் கொடுமை இந்த ஊர் நேரில் கண்டது. ஆனால் அமீலோபிளாஸ்டோமாவுக்குத் தூசியோ புகையிலையோ காரணமாக அறியப்படவில்லை. இந்திய மருத்துவமனைத் தொகுப்புகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. அமெரிக்கத் தொகுப்புகளில் ஓடோன்டோமா என்ற தீங்கற்ற பல்குவியல் முந்துகிறது. அங்கே பள்ளிப் பருவத்திலேயே பல்லுக்கு எக்ஸ்-ரே எடுத்துவிடுவதால் அறிகுறியே இல்லாத ஓடோன்டோமா கணக்கில் ஏறுகிறது. இங்கே முகம் வீங்கிய பிறகு வருபவர்களே கணக்கில் வருகிறார்கள். வேறுபாட்டில் ஒரு பங்காவது நோயைவிட எக்ஸ்-ரேயைச் சேர்ந்தது.

புரதக் குறிப்பானிடம் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. இது என்ன கட்டி? இனி எப்படி நடந்துகொள்ளும்? இதற்கு எந்த மருந்து கேட்கும்? வெளியான ஆய்வுகளில் பெரும்பங்கு இரண்டாவது கேள்வியைச் சுற்றி வருகிறது. பலன் கிடைத்திருப்பதோ முதலாவதிலும் மூன்றாவதிலும்.

முதல் கேள்வியில் அதிகம் பேசப்பட்டது கால்ரெட்டினின் என்ற புரதம். நீர்க்கட்டி போலத் தோன்றும் ஒற்றை அறை அமீலோபிளாஸ்டோமாவையும் கெரட்டின் படிந்த நீர்க்கட்டியையும் பிரித்தறிய இது உதவும் என்று 2000-த்தை ஒட்டித் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். உற்சாகம் பரவியது. பிறகு வந்த ஆய்வுகளில் சில நீர்க்கட்டிகளும் பழுப்பாகின. சில அமீலோபிளாஸ்டோமாக்கள் வெறுமையாக நின்றன. இன்று அது துணைச் சாட்சி, அவ்வளவே. விக்கர்ஸும் கார்லினும் 1970-இல் எழுதிவைத்த அடையாளங்கள், அதாவது அடிவரிசை செல்கள் வேலிபோல நெருங்கி நிற்பதும் அவற்றின் கரு அடித்தளத்தைவிட்டு எதிர்த்திசைக்கு நகர்வதும், சாதாரணச் சாயத்திலேயே தெரிகின்றன. கண் பழகியவருக்கு அமீலோபிளாஸ்டோமாவை அறிய ஐ.ஹெச்.சி. அநேகமாக வேண்டியதில்லை.

அது உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு. பல் ஆடியது, பிடுங்கினார்கள், ஆறவில்லை, குழியிலிருந்து சதை வளர்கிறது. துண்டெடுத்துப் பார்த்தால் உருண்டையான சிறு நீலச் செல்கள், ஒன்றுக்கொன்று எந்த வித்தியாசமும் இல்லாமல் தட்டு நிறைய. இது லிம்போமாவா, ஈவிங் சார்கோமாவா, தசைப் புற்றா, பிளாஸ்மா செல்களா என்று ஹெச் அண்ட் ஈ மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய யாராலும் முடியாது. சிடி20 படிந்தால் பி-செல் லிம்போமா. சிடி99-உடன் என்கேஎக்ஸ்2.2-வும் படிந்தால் ஈவிங் பக்கம் சாயலாம். டெஸ்மினும் மயோஜெனினும் என்றால் ராப்டோமயோசார்கோமா. சிடி138 படிந்து, கப்பா, லாம்ப்டா இரண்டில் ஒன்று மட்டும் ஏறியிருந்தால் மயலோமா. அங்கிருந்து ரத்தம், சிறுநீர், எலும்பு மஜ்ஜை என்று சோதனை விரியும். குழந்தையின் தாடையில் பற்கள் எலும்புப் பிடிப்பின்றி மிதப்பதுபோல் படம் வந்தால் லாங்கர்ஹான்ஸ் செல் நோயை நினைக்க வேண்டும். சிடி1ஏ-யும் லாங்கரினும் அதை உறுதி செய்யும். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒன்றுக்குக் கத்தி, இன்னொன்றுக்குக் கீமோதெரபி. லிம்போமா உள்ள ஒருவருக்குப் பாதித் தாடையை அறுத்தெடுப்பது எப்பேர்ப்பட்ட அநியாயம் என்று யோசித்தால், இந்தச் சாயங்களின் மதிப்பு புரியும்.

வேறு உறுப்பிலிருந்து தாடைக்குப் பரவி வரும் புற்றும் இந்த வகையே. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் புற்று சில நேரம் தன் இருப்பை முதன்முதலில் தாடையில்தான் காட்டும். டிடிஎஃப்-1, தைரோகுளோபுலின், பிஎஸ்ஏ, கேட்டா3, பேக்ஸ்8 போன்ற புரதங்கள் அது புறப்பட்ட ஊரைச் சொல்கின்றன. பல் மருத்துவமனையில் எடுத்த துண்டு, நோயாளிக்கே தெரியாத புராஸ்டேட் புற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

எந்தச் சாயமும் பதில் சொல்லாத இடமும் உண்டு. பெரிய பலகரு செல்கள் நிறைந்த தாடைக் கட்டிகளில் சிடி68 படியும், எல்லாவற்றிலும் படியும். அது மத்திய ராட்சச செல் புண்ணா, பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பதால் வந்த 'பிரவுன் ட்யூமரா' என்று திசு சொல்லாது. ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தால் தெரிந்துவிடும். ஐ.ஹெச்.சி.க்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் அந்த ரத்தப் பரிசோதனைக்கு. அதை முதலில் எழுதிக்கொடுக்காத மருத்துவரை நோயாளியே கேட்கலாம்.

ஒரு கட்டியில் மட்டும் புரதமே கதையின் நாயகன். டென்மார்க்கின் ஜென்ஸ் பிண்ட்போர்க் 1950-களில் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் அந்தக் கட்டியில், காங்கோ ரெட் சாயத்துக்கு ஆப்பிள் பச்சையாக மின்னும் அமிலாய்டு படிவுகள் இருக்கின்றன. அந்தப் படிவு எதனால் ஆனது என்று நெடுங்காலம் தெரியவில்லை. 2003-இல் அதைப் பிரித்துப் பார்த்தபோது, பிற்பாடு ஓடாம் என்று பெயர் பெற்ற, பல் உருவாக்கத்தோடு தொடர்புடைய ஒரு புரதம் என்று தெரிந்தது. பிண்ட்போர்க் நமக்கு அந்நியர் இல்லை. 1960-களில் லக்னோவில் 10,000 பேரின் வாயைப் பரிசோதித்தவர். பின்னர் ஃபாலி மேத்தாவோடு சேர்ந்து கேரளம் உட்படப் பல மாநிலங்களின் மாவட்டங்களில் 50,000-க்கும் மேற்பட்ட கிராமத்தாரைப் பார்த்தவர். மேத்தாவின் பல் ஆய்வுப் பிரிவு இயங்கியது எங்கே தெரியுமா? சாம்பியன் ரீஃபில் நியூட்ரினோ தேடிய அதே டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கட்டி திரும்ப வருமா, வெறியோடு வளருமா? செல் பிரியும் வேளையில் மட்டும் தோன்றும் கேஐ-67 புரதம் 1983-இல் விவரிக்கப்பட்டதிலிருந்து, தாடைக் கட்டிகளில் அதை எண்ணாத நாடில்லை. கூடவே பி53, பிசிஎல்-2, பிசிஎன்ஏ, சிடி138, எலும்பைக் கரைக்கும் நொதிகள், ராங்க் லிகண்ட். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். வாய் நோய்க்குறியியல் முதுகலை மாணவர்கள் எல்லோரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அலமாரியிலிருந்து இருபது முப்பது பழைய பிளாக்குகள், ஒரு ஆன்டிபாடி, மூன்று வகைக் கட்டிகள், ஒரு புள்ளியியல் அட்டவணை. பெரும்பாலானவற்றின் முடிவு ஒன்றே: அமீலோபிளாஸ்டோமாவில் சாதாரண நீர்க்கட்டியைவிட அதிகம் படிந்தது. சரி, அதனால் அறுவை மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? அந்த வரி அங்கே இருக்காது. எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து என்ற எல்லைக்கோட்டையும் ஒருமித்து யாரும் வகுக்கவில்லை. ஒருவர் அதிகம் படிந்த இடத்தைத் தேடி எண்ணுகிறார், இன்னொருவர் கண்ணில் பட்ட இடத்தில் எண்ணுகிறார். அழற்சி உள்ள இடத்தில் எண்ணிக்கை தானாகவே ஏறும். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்துக் கல்லூரிகள் தங்கள் பிளாக்குகளை ஒன்றாகச் சேர்த்து, நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் விடை, பத்துத் தனி ஆய்வேடுகளில் கிடைக்காது. ஒரு விதிவிலக்கு: அமீலோபிளாஸ்டோமா என்று வந்ததில் கேஐ-67 எதிர்பாராத உயரத்தில் இருந்து, சாக்ஸ்2-வும் பரவலாகப் படிந்தால், அது அமீலோபிளாஸ்டிக் கார்சினோமாவாக இருக்குமோ என்று தட்டை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் குறிப்பான்கள் ஒரு பெயர் மாற்றத்துக்கும் துணை போயின. பிலிப்சன் 1956-இல் கெரட்டோசிஸ்ட் என்று பெயரிட்ட நீர்க்கட்டி அடிக்கடி திரும்பி வருவது. கார்லின் நோய்க்கூட்டம் என்ற பரம்பரை நோயில் பலவாகத் தோன்றுவது. அதில் பிடிசிஎச்1 மரபணு பழுதாவதும், செல் பிரியும் புரதங்கள் கூடுதலாகப் படிவதும் தெரிந்ததும், உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அதைக் கட்டி என்று அறிவித்தது. 2017-இல் மீண்டும் நீர்க்கட்டி ஆக்கியது. ஆதாரம் போதாது என்பது காரணம். நடுவே ஒரு முக்கியமான கவனிப்பு: நீர்க்கட்டியைத் திறந்து வடியவிட்டு வைத்திருந்தால் அதன் உறை நாளடைவில் வாயின் இயல்பான தோலைப்போல் மாறுகிறது, பிசிஎல்-2 படிவது மறைகிறது. தன் போக்கில் வளரும் கட்டி இப்படி அடங்குமா என்ற கேள்வி நியாயமானது.

மூன்றாவது கேள்வியில்தான் அண்மைக்காலத்தின் பெரிய மாற்றம். 2014-இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அமீலோபிளாஸ்டோமாவில் பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றத்தைக் கண்டன. கீழ்த்தாடைக் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இது இருக்கிறது. மேல்தாடையில் எஸ்எம்ஓ மாற்றம் அதிகம். மெலனோமா என்ற தோல் புற்றுக்கு ஏற்கெனவே மருந்து இருந்த மாற்றம் இது. 2015-இலேயே, பலமுறை திரும்பி வந்து பரவியிருந்த ஒருவரின் அமீலோபிளாஸ்டோமா டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் மாத்திரைகளால் சுருங்கியதாக அமெரிக்காவிலிருந்து எழுதினார்கள். இஸ்ரேலில் இளம் நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்து, கட்டி சுருங்கி எலும்பு திரும்ப வளர்ந்த பிறகு எஞ்சியதை மட்டும் எடுத்தார்கள். வழக்கமான வழியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுரண்டி மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்ப வருகிறது. ஆகவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்போடு சேர்த்துத் தாடையை அறுத்து, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை எடுத்து ஒட்டவைக்கிறோம். இருபது வயதுப் பிள்ளைக்கு இது சிறிய விஷயமா?

பிராஃப் மாற்றத்தை மரபணுச் சோதனையால்தான் அறிய வேண்டும் என்பதில்லை. மாறிய புரதத்தை மட்டும் பற்றும் விஇ1 என்ற ஆன்டிபாடி 2011 முதல் இருக்கிறது. செல்லின் உடல் முழுக்க ஒரே சீராகப் பழுப்பு ஏறினால் மாற்றம் இருக்கிறது. மங்கலாகவோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் மரபணுச் சோதனையால் சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு சாயம் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது என்பேன், ஏனென்றால் விடை ஆம், இல்லை என்று வருகிறது. இரண்டுக்கும் பிறகு எடுக்கும் முடிவு வேறாகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அந்த இரட்டை மருந்தை, இந்த மாற்றம் உள்ள, அறுவைக்கு உட்படாத அல்லது பரவிய, முந்தைய சிகிச்சைக்குப் பிறகும் வளரும் திடக்கட்டிகளுக்கு, பெருங்குடல் புற்று நீங்கலாக, உறுப்பு பேதமின்றி அனுமதித்தது. மருந்தின் விலை தங்கவயல் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் கட்டி திரும்ப வளர்வதும் பார்க்கப்பட்டிருக்கிறது. கத்தியை ஓரங்கட்டும் காலம் இன்னும் வரவில்லை.

இவ்வளவு பேசினாலும், கோலார் மாவட்டத்தில் தாடையை அழிக்கும் புற்றுகளில் முந்தி நிற்பது பல்சார் கட்டி அல்ல. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே உறங்கும் வழக்கத்தால், பெண்களிடமும் அதிகமாகக் காணும் ஈறு, கன்னப் புற்றுதான் உள்ளே இறங்கி எலும்பைத் தின்கிறது. அதற்குப் பெயர் சொல்ல ஐ.ஹெச்.சி. தேவையில்லை, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்து நெறிக்கட்டியில் இருக்கிறதா என்பதைச் சாதாரணச் சாயத்திலேயே அளக்கலாம். தொண்டைப் புற்றில் உதவும் பி16 புரதத்தை வாய்ப் புற்றுக்கும் கேட்டு எழுதுவது வீண் செலவு. பிடி-எல்1 என்ற புரதம் மட்டும் திரும்பி வந்த நோயில் இம்யூனோதெரபிக்கு வழிகாட்டுகிறது. அந்த இம்யூனோதெரபி மருந்தின் முழு அளவு நம்மில் மிகச் சிலருக்கே கட்டுப்படியாகும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் மருந்தைக் குறைந்த விலை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்ததில், ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள்.

ஊரிகத்து நோயாளிக்கு இதிலெல்லாம் கைவசம் இருப்பது முதல் துண்டுதான். அதை அகலவாய் பாட்டிலில், திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும். குறுகிய வாய் மருந்து பாட்டிலில் திணித்தால் உள்ளே விறைத்துவிடும், வெளியே எடுக்கும்போது நசுங்கும். நசுங்கிய செல்லில் எந்தச் சாயமும் பொய் சொல்லும். சலைனில் போட்டு அனுப்பினால் பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் அழுகத் தொடங்கியிருக்கும். கூடவே ஓ.பி.ஜி. படமும் போக வேண்டும். படம் பார்க்காமல் தாடைத் துண்டுக்குப் பெயர் வைக்கும் நோய்க்குறியியலாளரை நம்பக்கூடாது. பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அங்கே மீண்டும் துண்டெடுக்கும் அவசியம் பல நேரம் குறையும். எலும்பை எந்தக் கரைசலில் எத்தனை நாள் ஊறவைத்தார்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்த லேப்பில் இருப்பவர் அந்த பிளாக்கில் விஇ1 போடலாமா கூடாதா என்று உடனே முடிவு செய்துவிடுவார்.